மருந்துக் கம்பெனி தவறினால் கணக்குக் கேட்பது யார்?



நமது அறக்கட்டளையின் மாதாந்திர மருந்து உதவி நாளில் நடந்த ஒரு சிறு விஷயத்திலிருந்து தொடங்குகிறோம். வரிசையில் நின்ற ஒரு தாயார், "சர்க்கரைக்குப் புது மாத்திரை மாற்றிக் கொடுத்ததிலிருந்து கால் வீங்குகிறது" என்றார். "டாக்டரிடம் சொல்லுங்கள்மா" என்று சொல்லி, சீட்டில் எழுதியிருந்த அதே மாத்திரையைப் பையில் போட்டு அனுப்பி வைத்தோம். பின்னால் இருபது பேர் நின்றார்கள். அடுத்தவரை அழைத்தோம்.

அவர் டாக்டரைப் பார்த்தார், மாத்திரை மாறியது, வீக்கமும் வடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த மாதம் அவருடைய மகன் வந்து ஒரு கேள்வி கேட்டார். "மாமா, உம்மாவுக்கு வந்தது போல இன்னும் எத்தனை பேருக்கு வந்திருக்கும்? அது கம்பெனிக்குத் தெரியுமா? தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அவர்களை யார் கேட்பது?"

அன்று நம்மிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தோம். இந்தக் கேள்விக்கு மிக விரிவாகச் சட்டம் எழுதி வைத்திருப்பது ஐரோப்பிய ஒன்றியம். அங்கே மருந்துக் கம்பெனி கடமை தவறினால் எப்படி விசாரிப்பார்கள், எவ்வளவு அபராதம் போடலாம், அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்த முதல் வழக்கு எப்படி முடிந்தது என்பதையெல்லாம் எளிய முறையில் சொல்ல முயல்கிறோம். கடைசியில் நமக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. அதனால் முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அனுமதி கிடைத்ததோடு வேலை முடிவதில்லை

1957-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் வாந்தி, மயக்கத்துக்கும் அதைக் கொடுத்தார்கள். பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். 1961 நவம்பரில் அதை அங்கே திரும்பப் பெறுவதற்குள், கை கால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பல நாடுகளில் பிறந்துவிட்டன. உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு.

அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 1965-இல் ஐரோப்பிய நாடுகள் மருந்துக்கென முதல் பொதுச் சட்டத்தை இயற்றின. அரசு பரிசோதித்து அனுமதி கொடுக்காமல் எந்த மருந்தும் சந்தைக்கு வரக்கூடாது என்பது அதன் சாரம். 1995-இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை செயல்படத் தொடங்கியது. முதலில் லண்டனில் இருந்த அதன் அலுவலகம் 2019-இல் ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது. புற்றுநோய், எய்ட்ஸ், சர்க்கரை நோய் போன்றவற்றுக்கு வரும் புதிய மருந்துகள் இந்த முகமையின் வழியாகத்தான் வர வேண்டும். முகமையின் நிபுணர்கள் ஆராய்ந்து கருத்துச் சொல்வார்கள். அதன் பேரில் பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம் அனுமதி வழங்கும். அந்த ஓர் அனுமதி ஒன்றியத்தின் எல்லா நாடுகளுக்கும் செல்லும். 2004-ஆம் ஆண்டின் 726-ஆம் எண் ஒழுங்குவிதி இதற்கு அடிப்படை.

ஆனால் அனுமதிக்கு முன் நடக்கும் சோதனைகளில் கலந்துகொள்வோர் சில நூறு பேர், அதிகம் போனால் சில ஆயிரம் பேர். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு அந்தச் சோதனையில் கண்ணில் படாமலேயே போகலாம். லட்சக்கணக்கானோர் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் அது தெரியவரும். ஆகவே அனுமதியோடு சேர்த்துக் கம்பெனியின் தலையில் சில கடமைகளையும் சட்டம் ஏற்றி வைக்கிறது.

விண்ணப்பத்தில் கொடுத்த விவரங்கள் முழுமையாகவும் உண்மையாகவும் இருக்க வேண்டும். யாருக்குக் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று விதித்த நிபந்தனைகளை மீறக்கூடாது. மருந்தைப் பற்றிப் புதிதாக எது தெரியவந்தாலும், அது தனக்குப் பாதகமாக இருந்தாலும், உடனே முகமைக்குச் சொல்ல வேண்டும். மருந்துப் பாதுகாப்பைக் கவனிக்கத் தகுதியுள்ள ஒருவரை நிரந்தரமாகப் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும். பக்க விளைவு என்று சந்தேகம் வரும் ஒவ்வொரு தகவலையும் பதிவு செய்து, ஆராய்ந்து, உரிய காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

நோயாளி கம்பெனியை நேரில் பார்ப்பதில்லை. நம்பித்தான் மாத்திரையை விழுங்குகிறார். ஆகவே இந்தக் கடமைகள் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் போன்றவை.

அனுமதியை ரத்து செய்தால் போதாதா?

தவறு செய்த கம்பெனியின் அனுமதியைப் பறித்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். மருந்தே கெடுதல் என்று தெரிந்தால் அப்படிச் செய்யத்தான் வேண்டும், அதற்குச் சட்டத்தில் இடமும் உண்டு. ஆனால் மருந்து நல்லதாக இருந்து, கம்பெனி கணக்குக் காட்டத் தவறியிருந்தால்? அனுமதியைப் பறித்தால் முதலில் தவிப்பவர் அந்த மருந்தை நம்பி உயிர் வாழும் புற்றுநோயாளி. குற்றம் ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு என்றாகிவிடும்.

மருந்து நோயாளியிடம் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும், தவறியவர் கையிலிருந்து மட்டும் பணம் போக வேண்டும். இதற்கு வழி செய்வதுதான் அபராதம். இதற்கான விசாரணை முறையையும் அளவையும் வகுத்து ஐரோப்பிய ஆணையம் 2007 ஜூன் 14 அன்று 658-ஆம் எண் ஒழுங்குவிதியை வெளியிட்டது. 2012-இல் அதில் திருத்தங்கள் வந்தன.

எல்லாச் சிறு தவறுக்கும் இந்த விதியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அந்தத் தவறு பொது மக்களின் ஆரோக்கியத்தைப் பெரிதாகப் பாதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நடந்ததாகவோ, அங்கெல்லாம் அதன் விளைவு இருப்பதாகவோ, ஒன்றியத்தின் நலனைத் தொடுவதாகவோ இருக்க வேண்டும். மற்றவற்றை அந்தந்த நாட்டு அதிகாரிகளே பார்த்துக்கொள்வார்கள். ஒரே செயலுக்காக ஒரு நாடு ஏற்கெனவே அதே சட்டக் காரணத்தின் பேரில் நடவடிக்கை எடுத்திருந்தால், அதே குற்றத்துக்கு இரண்டாம் முறை தண்டிக்கக் கூடாது என்ற நெறியும் உண்டு.

விசாரிப்பவர் ஒருவர், தீர்ப்பவர் ஒருவர்

இந்தச் சட்டத்தில் நம்மைக் கவர்ந்தது இதுதான். விசாரணையை இரண்டு கட்டமாகப் பிரித்து, இரண்டு பேரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் கட்டம் முகமையிடம். அது தானாகவோ, ஆணையமோ ஓர் உறுப்பு நாடோ கேட்டுக்கொண்டதன் பேரிலோ விசாரணையைத் தொடங்கலாம். கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, எந்தக் கடமையை மீறியதாகச் சந்தேகம், அதற்கு என்ன ஆதாரம் என்று சொல்ல வேண்டும். பதில் எழுதக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் தர வேண்டும். நாடுகளின் அதிகாரிகளிடம் உதவி கேட்கலாம், நேரில் சோதனையிடச் சொல்லலாம். எல்லாம் முடிந்ததும் அறிக்கை தயாரித்து ஆணையத்துக்கு அனுப்பும். அத்தோடு முகமையின் வேலை முடிந்தது. அபராதம் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

இரண்டாம் கட்டம் ஆணையத்திடம். அறிக்கையைப் படித்து, மேலும் விவரம் தேவையென்றால் கேட்டு வாங்கும். குற்றம் இருப்பதாகக் கருதினால், குற்றச்சாட்டுகளை வரிசைப்படுத்திக் கம்பெனிக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கும் எழுத்து மூலம் பதில் தர அவகாசம் உண்டு. கம்பெனி விரும்பினால் நேரில் வந்தும் வாதாடலாம். தொழில் ரகசியங்கள் இருக்கும் என்பதால் அந்த அமர்வு பொதுவில் நடப்பதில்லை. தன்மீது இருக்கும் கோப்பைக் கம்பெனி பார்வையிடலாம். கம்பெனிக்குச் சொல்லாமல், அதன் பதிலைக் கேட்காமல், எந்தக் குற்றச்சாட்டின் பேரிலும் ஆணையம் முடிவெடுக்கக் கூடாது.

முடிவில் திருப்தி இல்லையென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே அபராதத்தை ரத்து செய்யலாம், குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். கூட்டவும் இடம் இருப்பதால், சும்மா காலத்தைக் கடத்துவதற்காக வழக்குப் போடுவோர் கொஞ்சம் யோசிப்பார்கள்.

குடும்பத் தகராறு ஜமாஅத்துக்கு வரும்போது இரண்டு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நாம் அறிந்ததே. எதிரில் நிற்பது பணபலம் மிக்க கம்பெனி என்றாலும் அதே நியாயம் வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. நியாயம் கம்பெனிக்குக் கொடுக்கும் சலுகை என்று நினைக்க வேண்டாம். முறை தவறிப் போட்ட அபராதம் நீதிமன்றத்தில் ஒரே நாளில் விழுந்துவிடும், அதனால் நட்டம் நோயாளிகளுக்குத்தான்.

எவ்வளவு அபராதம்?

தொகையை யூரோவில் எழுதி வைக்கவில்லை. கம்பெனியின் ஐரோப்பிய விற்றுமுதலில் சதவீதமாக உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. பத்து லட்சம் யூரோ என்று நிர்ணயித்தால் சிறிய கம்பெனி மூடிவிடும், பெரிய கம்பெனியோ அதையும் ஒரு செலவாக எழுதிவிட்டுப் போகும்.

கடமை மீறலுக்கு, முந்தைய நிதியாண்டின் ஐரோப்பிய விற்றுமுதலில் அதிகபட்சம் 5 சதவீதம். தவறை இன்னும் திருத்தவில்லையென்றால், திருத்தும் நாள் வரை ஒவ்வொரு நாளும் சராசரி தினசரி விற்றுமுதலில் 2.5 சதவீதம் வரை கூடுதலாகப் போடலாம். கேட்ட விவரத்தைக் கொடுக்காமல் இருப்பது, தவறான விவரம் கொடுப்பது போன்று விசாரணைக்கு ஒத்துழைக்காத செயல்களுக்குத் தனியாக 0.5 சதவீதம் வரை அபராதம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கம்பெனிக்கு ஐரோப்பாவில் ஆண்டுக்கு 100 கோடி யூரோ விற்பனை என்று வைத்துக்கொள்வோம். மீறலுக்கு அதிகபட்ச அபராதம் 5 கோடி யூரோ. திருத்தாமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்குச் சுமார் 68,500 யூரோ வரை. விசாரணையில் ஒளித்தால் 50 லட்சம் யூரோ வரை.

இவை உச்சவரம்புகள்தான். எவ்வளவு போடுவது என்பதைப் பல விஷயங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தவறு எவ்வளவு பெரியது, எத்தனை காலம் நீடித்தது, வேண்டுமென்றே செய்ததா அலட்சியமா, விசாரணையில் ஒத்துழைத்தார்களா, தாங்களாகவே திருத்திக்கொண்டார்களா, முன்பும் இப்படிச் செய்தவர்களா, அந்த மருந்தின் விற்பனை எவ்வளவு என்பவை அவற்றில் சில. அபராதம் விதித்தால் கம்பெனியின் பெயர், தொகை, காரணம் ஆகியவற்றின் சுருக்கத்தை ஆணையம் வெளியிட வேண்டும். பல கம்பெனிகளுக்கு அபராதத் தொகையைவிட இந்த வெளியீடுதான் அதிகம் வலிக்கும்.

இதில் முதலில் ஓர் ஓட்டை இருந்தது. பெரிய குழுமங்கள் ஒரு சிறிய துணைக் கம்பெனியின் பெயரில் அனுமதி வாங்கி வைப்பது வழக்கம். கேள்வி கேட்டால் அந்தச் சிறிய கம்பெனிதான் முன்னே நிற்கும். 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அதே குழுமத்தில் இருந்து முடிவுகளைத் தீர்மானித்த மற்ற கம்பெனிகளையும் பொறுப்பாக்க வழி வந்தது.

முதல் வழக்கு: எண்பதாயிரம் தகவல்கள்

2012-இல் பிரிட்டன் அதிகாரிகள் ரோஷ் கம்பெனியின் மருந்துப் பாதுகாப்புப் பிரிவைச் சோதனையிட்டார்கள். அமெரிக்காவில் அந்தக் கம்பெனி நோயாளிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றை நடத்தி வந்தது. அதன் வழியாக 1997 முதல் சேர்ந்திருந்த சுமார் 80,000 தகவல்கள், பக்க விளைவு என்று தெரிவிக்க வேண்டியவையா இல்லையா என்று ஆராயப்படாமலேயே கிடந்தன. அவற்றில் 15,161 தகவல்கள் நோயாளி இறந்துபோனது பற்றியவை. அந்த மரணங்கள் நோயினால் வந்தவையா, மருந்துக்கும் அதில் தொடர்பு உண்டா என்பது தெரியாது என்று முகமையே அப்போது கூறியது. தெரியாமல் போனதற்குக் காரணம், யாரும் பார்க்கவில்லை என்பதுதான்.

2012 அக்டோபரில், ஆணையம் கேட்டுக்கொண்டதன் பேரில், முகமை இந்த ஒழுங்குவிதியின் கீழ் விசாரணையைத் தொடங்கியது. விதி வந்த பிறகு இப்படியொரு விசாரணை அதுவே முதல் முறை. 19 மருந்துகள் அதில் சம்பந்தப்பட்டிருந்தன. இன்னொரு பக்கம், விடுபட்ட தகவல்கள் ஆராயப்பட்டன. அந்த மருந்துகளின் நன்மைக்கும் தீமைக்கும் உள்ள விகிதத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்று 2013 நவம்பரில் முகமை அறிவித்தது. 2014-இல் விசாரணை அறிக்கை ஆணையத்துக்குப் போனது. ஆணையம் கூடுதல் விவரங்கள் கேட்டது. கடைசியில் 2017 டிசம்பரில் அபராதம் எதுவும் விதிக்காமல் ஆணையம் வழக்கை முடித்துக்கொண்டது.

இதைப் படித்ததும், "ஐந்து வருடம் இழுத்து ஒரு காசும் வாங்கவில்லையே" என்று நமக்கும் முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. விசாரணை இவ்வளவு நீண்டால் சட்டத்தின் மீது மக்களுக்கு இருக்கும் பயமும் நம்பிக்கையும் இரண்டுமே குறையும். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சோதனை நடக்காமல் இருந்திருந்தால் அந்த 80,000 தகவல்களும் இன்றும் பெட்டியில்தான் கிடந்திருக்கும். அவற்றை எடுத்துப் பார்த்த பிறகுதான் அந்த மருந்துகளை நோயாளிகள் நிம்மதியாகத் தொடர முடிந்தது. அபராதச் சட்டத்தின் நோக்கம் கஜானாவை நிரப்புவதல்ல. மறைந்து கிடப்பதை வெளியே கொண்டு வருவது.

நமக்குச் சுருக்கென்று தைத்தது வேறொன்று. அந்தத் தகவல்கள் தேங்கிக் கிடந்தது உதவித் திட்டம் ஒன்றில். மறுமுனையில் இருந்தவர்கள் நோயாளிக்கு உதவத்தான் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுக்கொண்டார்கள், அதற்கு அப்பால் போகவில்லை. நமது மருந்து உதவி மேசையில் நாம் செய்ததும் அதுவேதான். கால் வீங்குகிறது என்று சொன்ன தாயாரை நாம் வரிசையில் ஒருவராகத்தான் பார்த்தோம்.

இங்கே நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டிலும் புதிய மருந்துக்கு அனுமதி பெற்ற கம்பெனி, முதல் இரண்டு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு ஒருமுறையும் பாதுகாப்பு அறிக்கை தர வேண்டும். பக்க விளைவுகளைத் திரட்டுவதற்காக 2010 முதல் மத்திய அரசின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் நடந்து வருகிறது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதன் தலைமையகம். மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கான கண்காணிப்பு மையங்கள் உண்டு.

இதில் பலருக்கும் தெரியாத செய்தி, டாக்டர் மட்டுமின்றி நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகத் தெரிவிக்கலாம் என்பது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணை அலுவலக நேரத்தில் அழைக்கலாம். மருந்தினால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும். இது டாக்டர் மீது போடும் புகாரும் அல்ல. ஆகவே யாரும் தயங்க வேண்டாம்.

தெரிவிக்கும்போது இந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

மருந்தின் பெயர், கம்பெனியின் பெயர், அட்டையில் உள்ள பேட்ச் எண், காலாவதித் தேதி. (பேட்ச் எண் உள்ள பகுதியை முதலில் கிழித்து எறிந்துவிடாதீர்கள்.)

எதற்காக, எந்தத் தேதியிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிட்டார்.

தொந்தரவு எப்போது தொடங்கியது, மருந்தை மாற்றியபின் குறைந்ததா.

உடன் சாப்பிடும் மற்ற மாத்திரைகள். நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எதுவானாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். பக்க விளைவு என்று சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்காமல் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்தம், வலிப்பு, இருதய நோய் ஆகியவற்றுக்கான மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும். முகம் வீங்குவது, மூச்சு முட்டுவது, உடம்பெல்லாம் கொப்புளம் போடுவது போன்றவை வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நமது அறக்கட்டளையின் மருந்து உதவி மேசையில் இந்த மாதம் முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். மருந்து வாங்க வரும் ஒவ்வொருவரிடமும், "போன மாதம் கொடுத்த மாத்திரையில் ஏதாவது தொந்தரவு இருந்ததா?" என்று கேட்போம். சொல்வதை எழுதிக்கொள்வோம். உங்கள் சம்மதத்தோடு கண்காணிப்பு மையத்துக்குத் தெரிவிப்போம், இன்ஷா அல்லாஹ். பெண்களிடம் பெண் தொண்டர் ஒருவரே கேட்டு எழுதுவார். படித்த பிள்ளைகள் மாதம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இந்த வேலை சிரமமின்றி நடக்கும். விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.

அந்தத் தாயாரின் மகன் கேட்ட கேள்விக்கு இப்போது நம்மால் பதில் சொல்ல முடிகிறது. கம்பெனியைக் கணக்குக் கேட்கச் சட்டம் உண்டு, அதிகாரிகளும் உண்டு. ஆனால் அவர்கள் கையில் இருக்க வேண்டிய கணக்கின் முதல் வரியை எழுத வேண்டியவர்கள் மருந்தைச் சாப்பிட்டவரும் அவர் பக்கத்தில் இருந்தவரும்தான். அவருடைய உம்மாவின் பெயரைத்தான் அந்த நோட்டில் முதல் வரியாக, தாமதமானாலும், எழுதியிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்